சுழலும் மீக்கடத்தி இயந்திரத்துக்கு எந்த லீட்? வெப்ப இழப்பை வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பொறியியல் பயிலும் மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) மோட்டார் அல்லது ஜெனரேட்டர் மாதிரி ஒன்றைத் திட்டமிடும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சுருளுக்கான டேப் (மெல்லிய மீக்கடத்திப் பட்டை) முடிவாகிவிட்டது, கிரையோகூலரும் (கடுங்குளிரூட்டி) முடிவாகிவிட்டது, வெளியிலிருந்து சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டு சேர்க்கும் லீட் மட்டும் பாக்கி. செம்பா, பித்தளையா, மீக்கடத்தி லீடா, அல்லது லீடே இல்லாத ஏற்பாடா என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானதுதான், ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. சிறிய ரோட்டரில் (இயந்திரத்தின் சுழலும் பகுதி) கிரையோகூலரின் சுமையில் பெரும்பங்கு லீட் வழியாகவே உள்ளே வருகிறது என்பதால், லீடை முடிவு செய்த பிறகுதான் கூலரின் அளவையே பேச முடியும்.

சிக்கலின் வேர் இயற்பியலிலேயே இருக்கிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். வீடமான்–ஃபிரான்ஸ் விதி இவ்விரண்டையும் பிணைத்துவிடுகிறது. லீடைத் தடிமனாக்கினால் வெளி வெப்பம் உள்ளே பாயும், மெலிதாக்கினால் மின்தடையால் லீடே சூடாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த புள்ளி உண்டு. 300 கெல்வினிலிருந்து 30 கெல்வினுக்கு இறங்கும் லீடில் அது ஓர் ஆம்பியருக்கு ஏறத்தாழ 47 மில்லிவாட். செம்போ, பித்தளையோ, அலுமினியமோ, எந்த உலோகமானாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. அந்தப் புள்ளியை எட்டத் தேவையான நீளமும் குறுக்குப் பரப்பும் மட்டுமே மாறும். ஆகவே, “எந்த உலோகம் வெப்பத்தைக் குறைக்கும்?” என்று தேடுவது வீண் அலைச்சல்.

ஒப்பீடு கைக்கு அடங்குவதற்காக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். ரோட்டரில் உயர்வெப்பநிலை மீக்கடத்திச் சுருள், அதன் வெப்பநிலை 30 கெல்வின், காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டம் 200 ஆம்பியர், போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு லீடுகள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், எத்தனை வாட் விழுகிறது என்பதைவிட எந்த வெப்பநிலையில் விழுகிறது என்பது. கார்னோ கணக்குப்படி, அதாவது எந்தக் கூலரும் மீற முடியாத எல்லைப்படி, 77 கெல்வினில் ஒரு வாட்டை வெளியேற்றக் குறைந்தது 2.9 வாட் தேவை, 30 கெல்வினில் 9 வாட் தேவை, 4.2 கெல்வினிலோ ஏறத்தாழ 70 வாட் தேவை. கிரையோகூலர்கள் இந்த இலட்சியத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதாக வைத்துக்கொண்டால், 77 கெல்வினில் விழும் ஒரு வாட்டுக்குச் சுவர் மின்சாரம் (கூலர் மின்இணைப்பிலிருந்து எடுப்பது) 29 வாட்டும் 30 கெல்வினில் விழும் ஒரு வாட்டுக்கு 90 வாட்டும் ஆகும். சிறிய கூலர்களில் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும்.

இரண்டாவது, மின்னோட்டம் இல்லாத நேரத்துக் கசிவு. 200 ஆம்பியருக்குச் சரியாக வடிவமைத்த உலோக லீட், மின்னோட்டம் பூச்சியமாக இருக்கும்போதும் முழுச்சுமை வெப்பத்தில் பாதிக்கும் மேல் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். இயந்திரம் நாள் முழுவதும் முழு மின்னோட்டத்தில் ஓடுமா, அல்லது வாரத்தில் சில மணி நேரம்தான் ஓடுமா என்ற கேள்வி இதனால்தான் முக்கியமாகிறது.

மூன்றாவது, சுழற்சி. நிலையாக நிற்கும் காந்தத்துக்கு எழுதப்பட்ட லீட் சூத்திரங்களை அப்படியே ரோட்டருக்கு எடுத்துவருவது சரியல்ல. நிமிடத்துக்கு 3000 சுற்றில், அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியுள்ள பொருளின்மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 2000 மடங்கு விசை செயல்படுகிறது. அச்சிலிருந்து 2 சென்டிமீட்டரில் அது 200 மடங்குதான். லீடை முடிந்தவரை தண்டின் துளைக்குள் அச்சை ஒட்டியே கொண்டுபோய், கடைசித் துண்டை மட்டும் ஆரத்திசையில் திருப்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது, குளிரூட்டல் நின்றுபோனால் லீட் என்ன ஆகும் என்பது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு உண்டு; கோடை மழைக் காற்றில் அறுந்து விழும் கம்பிக்கு முன்னறிவிப்பு கிடையாது.

பாடப்புத்தகக் கணக்குகள் வெளி வெப்பநிலையை 300 கெல்வின் என்று வைக்கின்றன. செட்டிநாட்டில் சித்திரை, வைகாசி நண்பகலில் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின், அபூர்வமல்ல. அந்த 13 டிகிரியால் லீடின் வெப்பம் சுமார் 4.5 சதவீதமும், அதை வெளியேற்றும் கார்னோ விலை ஏறத்தாழ 5 சதவீதமும் கூடும். இரண்டும் பெருகிச் சுவர் மின்சாரம் 10 சதவீதத்துக்கு அருகே உயர்ந்துவிடும். கீழே வரும் எண்களை 300 கெல்வினுக்கே தருகிறேன். நம்மூருக்கு அந்தப் பத்து சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளவும்.

| வழி | 77 கெல்வினில் விழும் வெப்பம் | 30 கெல்வினில் விழும் வெப்பம் | சுவர் மின்சாரம் (மதிப்பீடு) |
|---|---|---|---|
| ஒற்றைக் கட்ட உலோக லீட் | இல்லை | 18.6 வாட் | 1.7 கிலோவாட் |
| இடைநிறுத்தத்துடன் முழு உலோக லீட் | 18.1 வாட் | 4.4 வாட் | 0.92 கிலோவாட் |
| மேலே உலோகம், கீழே மீக்கடத்தி | 18.1 வாட் | சுமார் 0.25 வாட் | 0.55 கிலோவாட் |
| ஃபிளக்ஸ் பம்ப் | லீட் வெப்பம் இல்லை | பம்ப்பின் சொந்த இழப்பு மட்டும் | வடிவமைப்பைப் பொறுத்தது |

இவை இரண்டு லீடுகளுக்கும் சேர்த்த எண்கள். இடைநிறுத்தம் என்பது லீடின் நடுவே 77 கெல்வினில் வைக்கும் குளிர்நிலையம்; ஃபிளக்ஸ் பம்ப் என்பது லீட் இல்லாமல் காந்தத்தைக் கொண்டே சுருளில் மின்னோட்டம் ஏற்றும் ஏற்பாடு. வாயுவால் குளிரும் லீட் இந்த அட்டவணைக்குள் அடங்காது. அதன் கணக்கு வேறு.

## ஒற்றைக் கட்ட உலோக லீட்

அறை வெப்பநிலையிலிருந்து சுருள்வரை ஒரே உலோகத் தண்டு. அட்டவணையில் மின்செலவு மிகுந்தது இதுதான், ஆனாலும் இதை எடுத்த எடுப்பில் ஒதுக்க மாட்டேன். கையிலிருப்பது ஒற்றைக் கட்டக் கிரையோகூலர், 30 கெல்வினில் அதற்கு முப்பது நாற்பது வாட் திறன் உண்டு, இயந்திரம் ஆய்வுக்காக அவ்வப்போதுதான் ஓடும் என்றால், இதைவிடப் பாதுகாப்பான லீட் கிடையாது. கூலர் நின்றாலும் லீட் எரிந்துபோகாது. மெல்லச் சூடாகும், அதற்குள் மின்னோட்டத்தை இறக்கிவிடலாம்.

செம்பா பித்தளையா என்ற கேள்விக்கு இங்கேதான் பொருள் உண்டு. குறைந்தபட்ச வெப்பம் ஒன்றுதான் என்றாலும், அதை எட்டும் வடிவம் வேறு. 300 கெல்வினிலிருந்து 77 கெல்வினுக்கு அரை மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியர் கொண்டுசெல்லச் செம்புக்கு 30 சதுர மில்லிமீட்டர் பரப்பு போதும். பித்தளைக்கு அதைப்போல் சுமார் நான்கு மடங்கு வேண்டும். சுழலும் தண்டில் கூடுதல் எடை ஒரு குறை. ஆனால் தடித்த தண்டு மையவிலக்கு விசையில் எளிதில் வளையாது, அதன் வெப்பக் கொள்ளளவும் அதிகம் என்பதால் சிறிது நேர மிகைச்சுமையைத் தாங்கும். அதைவிட முக்கியமானது, பித்தளையின் மின்தடை குளிரில் அதிகம் மாறுவதில்லை. தூய செம்பின் மின்தடை 77 கெல்வினில் அறை வெப்பநிலையில் இருந்ததில் எட்டில் ஒன்று அளவுக்கு விழுந்துவிடும். அதற்குக் கீழே எவ்வளவு விழும் என்பது அந்தச் செம்பின் தூய்மையைப் பொறுத்தது. கடைக்காரர் “சுத்தச் செம்பு” என்று சொல்வதை வைத்து 30 கெல்வின் லீடைக் கணக்கிட முடியாது.

இதை ஆய்வகத்திலேயே சோதித்துவிடலாம். அரை மீட்டர் தண்டின் இரு முனைகளிலும் மின்னோட்டக் கவ்விகளை மாட்டி, அவற்றுக்கு உள்ளே தனியாக இரண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து மில்லிவோல்ட் மீட்டரில் இணைக்க வேண்டும். 10 ஆம்பியர் செலுத்தினால் 30 சதுர மில்லிமீட்டர் செம்புத் தண்டு அறையில் 2.9 மில்லிவோல்ட் காட்டும். அதே தண்டைத் திரவ நைட்ரஜனில் முழுக்கி, கொதிப்பு அடங்கிய பிறகு பார்த்தால் 0.4 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். மின்பட்டைக்கான செம்பு அப்படித்தான் இறங்கும். ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் செப்புக் குழாயில் பாஸ்பரஸ் கலந்திருப்பதால், ஒப்பான அளவுள்ள துண்டு அவ்வளவு தூரம் இறங்காது. குளிர்பதனக் கடையில் கிடைக்கும் அந்தக் குழாய் லீடுக்குத் தகாதது என்று நினைக்க வேண்டாம். செம்புக்கும் பித்தளைக்கும் இடைப்பட்ட அதன் குணம் பல வேளைகளில் வசதியானது.

பரப்பைத் துல்லியமாகப் பிடிக்கிறேன் என்று நாட்களைச் செலவிடவும் தேவையில்லை. தாழ்ந்த புள்ளியிலிருந்து 20 சதவீதம் விலகினால் வெப்பம் 2 சதவீதம்கூட உயராது, இரண்டு மடங்கு விலகினால்தான் 25 சதவீதம் கூடும். ஆனால் விலகும் திசையைக் கவனிக்க வேண்டும். மெலிந்த பக்கம் விலகிய லீட், மின்னோட்டம் சற்றே கூடினாலும் கட்டுக்கடங்காமல் சூடேறும். தடித்த பக்கம் விலகியது சும்மா இருக்கும் நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கசியும், அவ்வளவே.

## இடைநிறுத்தம் வைத்து, கீழ்ப்பகுதியில் மீக்கடத்தி

வந்தவரை முகப்புத் திண்ணையிலேயே உட்கார்த்திப் பேசி அனுப்பிவிட்டு வளவுக்குள் விடாமல் இருப்பதைப் போல, வெளி வெப்பத்தை 77 கெல்வின் அருகே ஒரு குளிர்நிலையத்தில் நிறுத்தி அங்கேயே வெளியேற்றிவிடுவது இந்த வழி. அங்கிருந்து சுருள்வரை உலோகத்தையே நீட்டினால் 30 கெல்வினில் 4.4 வாட் விழும். அந்தக் கீழ்ப்பகுதியில் உயர்வெப்பநிலை மீக்கடத்தி டேப்பை வைத்தால், அதில் மின்தடை வெப்பமே இல்லாததால், கடத்தலால் வரும் சிறு கசிவு மட்டும் மிஞ்சும்.

4 மில்லிமீட்டர் அகலமும் மொத்தம் 40 மைக்ரோமீட்டர் செம்புப் பூச்சும் உள்ள டேப் 20 சென்டிமீட்டர் நீளத்தில் சுமார் 20 மில்லிவாட்தான் கடத்தும். ஒரு லீடுக்கு நான்கு டேப் என்று வைத்தாலும் இரண்டு லீடுகளுக்கும் மொத்தம் 0.16 வாட்; பற்றவைப்புகளின் வெப்பமும் சேர்ந்ததே அட்டவணையின் 0.25. ஜெனீவா அருகே உள்ள லார்ஜ் ஹேட்ரான் கொலைடர் என்னும் துகள் முடுக்கியில் இதே உத்திதான், பிஸ்மத் வகை மீக்கடத்தி டேப்களுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லீடுகளில் கையாளப்பட்டது. அங்கே குளிர்முனை திரவ ஹீலிய வெப்பநிலையில் இருப்பதால் சேமிப்பும் மிகப் பெரிது. நமது 30 கெல்வின் ரோட்டரில் சேமிப்பு அவ்வளவு இல்லை; அட்டவணையில் 0.92 கிலோவாட் 0.55 ஆகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம், மீக்கடத்தி லீட் என்றாலே வெப்ப இழப்பு பத்தில் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பது. குளிர்முனையில் விழுவது பத்தில் ஒன்றுக்கும் கீழே போகிறது, உண்மைதான். ஆனால் மேற்பகுதியின் 18.1 வாட் எங்கும் போய்விடவில்லை. அதைத் தாங்க ஒரு குளிர்நிலையம் வேண்டும்.

மறைந்துள்ள செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். முதலாவது, அந்தக் குளிர்நிலையமே. இரு கட்டக் கூலர் (இரண்டு வெப்பநிலைகளில் குளிர்விப்பது) இருந்தால் முதற்கட்டத்தையே பயன்படுத்தலாம். ஒற்றைக் கட்டக் கூலர் மட்டும் இருந்தால் சுழலும் ரோட்டருக்குள் இன்னொரு குளிர்முனையைக் கொண்டுபோக வேண்டும், அதன் விலையும் எடையும் லீடால் கிடைக்கும் சேமிப்பை விழுங்கிவிடும். இரண்டாவது, அந்த நிலையத்தில் லீடை மின்சாரம் தாவாமல் காத்துக்கொண்டே வெப்பத்தை மட்டும் கடத்தும் இணைப்பு. அலுமினியம் நைட்ரைடு தகடோ கேப்டன் (Kapton) என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலமோ இதற்குப் பயன்படும். அழுத்தம் குறைந்த இணைப்பில் ஐந்தாறு டிகிரி வெப்பநிலை வேறுபாடு எளிதில் தோன்றும். குளிர்நிலையம் 70 கெல்வினில் இருந்தும் டேப்பின் மேல்முனை 76 கெல்வினில் இருந்தால், அதன் மின்னோட்டத் தாங்குதிறன் கணிசமாகக் குறைந்திருக்கும்.

மூன்றாவது, பற்றவைப்புகள். இதில் சற்று நிற்க விரும்புகிறேன். 200 ஆம்பியரில் 1 மைக்ரோஓம் இணைப்பு 0.04 வாட் உண்டாக்கும், 10 மைக்ரோஓம் இணைப்பு 0.4 வாட் உண்டாக்கும். குளிர்முனையில் அப்படி இரண்டு இணைப்புகள் இருந்தால் 0.8 வாட், டேப் வழியே கசியும் மொத்தத்தைப் போல் ஐந்து மடங்கு. டேப் பட்டியல்களை மாதக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, குளிர்முனையை வெறும் போல்ட்டால் முறுக்கி முடிக்கும் வடிவமைப்பில் பணம் எங்கே வீணாகிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஈயப்பற்றை டேப்பின் அகலம் முழுவதும் சில சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரப்பினால் ஒரு மைக்ரோஓமுக்குக் கீழே வரலாம். போல்ட் இணைப்பு தவிர்க்க முடியாதது என்றால் தொடும் முகங்களுக்கு வெள்ளி அல்லது தங்க முலாம் வேண்டும், இடையே இண்டியம் தகடு வேண்டும். 1953இலிருந்து காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் துறைகளில் முலாம் பூசும் தொழில்நுட்பமும் ஒன்று என்பதால், இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் இதற்கான அறிவை வெகுதூரம் தேடிப் போக வேண்டியதில்லை.

நான்காவது ஆபத்து, மின்வெட்டு வரும்போது. சுருள் பெரிய குளிர்ந்த நிறை. அது மெல்லத்தான் சூடாகும். லீடின் மேல்முனையோ விரைவில் 90 கெல்வினை நெருங்கும். அப்போது டேப் மீக்கடத்தும் தன்மையை இழந்தால், செம்பு குறைவான அந்த மெல்லிய டேப்பில் 200 ஆம்பியரும் பாய்ந்து லீட் கருகிவிடும். ஆகையால் டேப்பின் மேல்முனையில் வெப்பநிலை உணரியும், அதைப் பார்த்து மின்னோட்டத்தைத் தானாகவே இறக்கும் பாதுகாப்புச் சுற்றும், கட்டுப்பாட்டுக்கு யூபிஎஸும் இல்லாமல் இந்த லீடை ஓட்டக் கூடாது.

இயந்திரம் நாள் முழுவதும் ஓட வேண்டும், மின்னோட்டம் பல நூறு ஆம்பியர், இரு கட்டக் கூலர் ஏற்கெனவே உண்டு என்றால் இதுவே என் தேர்வு. சுருள் 20 கெல்வினுக்கும் கீழே இயங்குமானால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

## வாயுவால் குளிரும் லீட்

சுருளை திரவ ஹீலியம் குளிர்விக்கும் இயந்திரங்களில், ஆவியாகும் ஹீலியத்தை லீடின் வழியே வெளியே அனுப்பினால் அது போகும் வழியெல்லாம் லீடின் வெப்பத்தை அள்ளிச் செல்லும். ஹீலியம் திரவமாக இருந்து ஆவியாக எடுக்கும் வெப்பத்தைப் போல் சுமார் 75 மடங்கை, அந்த ஆவி அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் எடுத்துக்கொள்ளும். அதனால் கிலோஆம்பியருக்கு 47 வாட் என்பது ஒரு வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1990களில் ஜப்பானில் நயோபியம்–டைட்டானியம் சுருளுடன் 70 மெகாவாட் வகுப்பு ஜெனரேட்டர்கள் சோதிக்கப்பட்ட காலத்தில் திரவ ஹீலியமே வழக்கமாக இருந்தது.

நமது 30 கெல்வின் ரோட்டருக்கு இது ஏன் பொருந்தாது? திரவ நியான் பயன்படுத்தினால், ஆவியாகும் வெப்பத்துக்கும் பிறகு அது சூடேற எடுக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது. ஹீலியத்தில் கிடைத்த பெரும் ஆதாயம் இல்லை. சீமென்ஸ் தன் 400 கிலோவாட் மாதிரி இயந்திரத்தில் நியானை வெளியேற்றாமல், மூடிய குழாய்க்குள்ளேயே ஆவியாக்கி மீண்டும் திரவமாக்கும் முறையைக் கையாண்டது. மேலும், சுழலும் தண்டுக்கும் நிலையான குழாய்க்கும் இடையே குளிர்ந்த வாயு கசியாத இணைப்பு வேண்டும். ஆரத்திசைக் குழாய்களில் மையவிலக்கு விசை கனமான குளிர் வாயுவை வெளிவட்டத்துக்கும் லேசான சூடான வாயுவை அச்சுக்கும் தள்ளுவதால், நாம் கேட்காத சுழல் ஓட்டங்கள் உண்டாகி வெப்பத்தைச் சுருளுக்கே கொண்டுசேர்க்கக் கூடும். ஹீலியம் இந்தியாவுக்கு இறக்குமதியாகும் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஹீலியத் திரவமாக்கி இயங்கும் பெரிய ஆய்வகத்துக்கு வெளியே இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## லீடே இல்லாமல்: ஃபிளக்ஸ் பம்ப்

நிரந்தரக் காந்தங்கள் பதித்த வட்டு ஒன்று மீக்கடத்தி டேப்பின் அருகே சுழன்றால், அந்த டேப்பில் சிறிய நேர்மின்னழுத்தம் தோன்றிச் சுருளில் மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றும். கிரையோஸ்டாட்டின் (குளிரைக் காக்கும் கலம்) சுவருக்கு வெளியே காந்தம், உள்ளே டேப். இடையே செம்பு எதுவும் இல்லை. நியூசிலாந்தில் 2011 முதல் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்துள்ளது. ரோட்டர் எப்படியும் சுழல்வதால் இந்த ஏற்பாடு சுழலும் இயந்திரத்துக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும்.

ஆனால் இதன் மின்னழுத்தம் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். 1 ஹென்றி சுருளில் 5 மில்லிவோல்ட் கொண்டு 200 ஆம்பியர் ஏற்ற 40,000 விநாடி, அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். புலத்தை ஒரே அளவில் வைத்து ஓடும் மோட்டாருக்கு அது பொறுக்கக்கூடியதே. மின்கட்டமைப்பின் மின்னழுத்தம் ஆடும்போதெல்லாம் புலத்தை ஏற்றி இறக்க வேண்டிய ஜெனரேட்டருக்கு இது உதவாது. அவசரமாகச் சுருளின் ஆற்றலை வெளியே கொட்டவும் வழியில்லை, ஏனெனில் வெளியே போகும் கம்பியே இல்லை. சுழல் மின்னோட்டங்களால் டேப்பிலும் அதன் தாங்கியிலும் தோன்றும் வெப்பம் குளிர்ந்த பக்கத்தில்தான் விழுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

பெல்டியர் லீட், அதாவது சூடான முனையில் பிஸ்மத் டெல்லூரைடு துண்டை வைத்து அங்கேயே வெப்பத்தை வெளியே தள்ளும் முறை, நிலையான காந்தங்களில் கால் பங்கு வரை சேமிப்பைத் தரலாம். எளிதில் நொறுங்கும் அந்தப் பொருளைச் சுழலும் தண்டில் வைக்க எனக்குத் துணிவில்லை. மின்னோட்டத்தின் திசை மாறினால் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றும் என்பதும் ஒரு குறை.

## லீடுக்கு வெளியே இரண்டு கணக்குகள்

லீடுகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இவை, பலர் பார்ப்பதில்லை.

ஒன்று, பிரஷ், அதாவது சுழலும் தண்டிலுள்ள உலோக வளையத்தை (ஸ்லிப் ரிங்) தொட்டபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் துண்டு. கார்பன் பிரஷ் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு வோல்ட் விழும். 200 ஆம்பியரில் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் சேர்த்து 400 வாட். மீக்கடத்தி லீட் வைத்துச் சேமித்த சுவர் மின்சாரத்துக்குச் சமமான தொகை இங்கே தீர்ந்துவிடுகிறது. அது லீடின் சூடான முனைக்குப் பக்கத்திலேயே வெளிப்படுவதால், நாம் 300 கெல்வின் என்று வைத்த முனை உண்மையில் 330 கெல்வினில் இருக்கக்கூடும். பிரஷ் இல்லாத எக்சைட்டரும் (தண்டிலேயே புல மின்சாரத்தை உண்டாக்கும் சிறு ஜெனரேட்டர்) அதை நேர்மின்சாரமாக்கும் சுழலும் ரெக்டிஃபயரும் இந்தச் சுமையைக் குறைக்கும். அவை முடியாவிட்டால் உலோகம் கலந்த பிரஷ்களும் தண்டின் முனைக்குத் தனி விசிறியும் வேண்டும்.

இன்னொன்று, மின்னோட்டமே. லீட் வெப்பம் ஆம்பியருக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், அதே ஆம்பியர்–சுற்றை 200 ஆம்பியருக்குப் பதில் 100 ஆம்பியரிலும் இரட்டிப்புச் சுற்றுகளிலும் பெற்றால், எந்த வகை லீடானாலும் வெப்பம் பாதியாகும், பிரஷ் இழப்பும் பாதியாகும். இதற்கு விலை உண்டு. சுருளின் தூண்டம் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அளவு) நான்கு மடங்காகும். குவெஞ்ச் நேரத்தில் (சுருள் திடீரென மீக்கடத்தும் தன்மையை இழக்கும்போது) அதே வேகத்தில் ஆற்றலை வெளியேற்ற இரட்டிப்பு மின்னழுத்தம் வேண்டும், அதைத் தாங்கும் காப்புப் படலமும் வேண்டும். நான்கு மில்லிமீட்டர் டேப்பை இரண்டு மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஓரத்தில் சிறு பழுதுகூட அகலத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆய்வக அளவிலான ரோட்டரில் சேமிக்கப்படும் ஆற்றல் குறைவு என்பதால் இந்தக் குறைகள் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவையே. 100 ஆம்பியரில் ஒற்றைக் கட்டப் பித்தளை லீட் 30 கெல்வினில் 9.3 வாட்தான் விடும். அதன் சுவர் மின்சாரம் 0.84 கிலோவாட், அதாவது 200 ஆம்பியரில் இடைநிறுத்தத்துடன் ஓடும் உலோக லீடைவிடவும் குறைவு. இரண்டாவது குளிர்நிலையமும் வேண்டாம், பாதுகாப்புச் சுற்றும் சிக்கலாகாது. எனவே இரு கட்டக் கூலர் கையில் இல்லாத குழு, டேப்பை ஆர்டர் செய்வதற்கு முன் சுருளின் சுற்று எண்ணிக்கையைத் திரும்ப எடுத்துக் கணக்குப் பார்ப்பது நல்லது.